மூன்றாம் பத்தியை நீக்குங்கள்

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். ஒரு பக்கம் தலித்துகள், மறுபக்கம் மற்றவர்கள். எறையூரில் 2008-இல், தங்களுக்கெனத் தனிப் பங்குத்தளம் கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. ‘மதம் மாறியாச்சு, இன்னும் எதுக்குச் சலுகை?’ என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

அந்தக் கேள்வியைத்தான் 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை சட்டமாக்கி வைத்திருக்கிறது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராக முடியாது என்றது அதன் மூன்றாம் பத்தி. பிறகு 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். பழங்குடியினருக்கான ஆணையிலோ மதத்தைப் பற்றிய பேச்சே இல்லை. மதச்சார்பற்ற குடியரசு என்று முகவுரையில் எழுதிக்கொண்ட நாடு, ஒடுக்கப்பட்டவரிடம் மட்டும் ‘நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?’ என்று கேட்கிறது.

விளைவு என்ன? தமிழ்நாட்டில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார். அவர் தனித் தொகுதியில் போட்டியிட முடியாது. சாதிப் பெயர் சொல்லி அடித்தாலும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை வராது. ஆகவே தேவாலயத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயருமாகப் பலர் வாழ்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படிச் சொல்லும் நிலைக்கு மக்களைத் தள்ளுவது இந்த ஆணைதான்.

தங்கள் பங்கு குறையும் என்று இப்போது பட்டியலில் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். புதிதாக வருபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்துவதே அதற்கு விடை. திருச்சபைகளுக்கும் பொறுப்பு உண்டு. தங்கள் கல்லறைச் சுவர்களை அவைதான் இடிக்க வேண்டும். அதுவரை அரசு காத்திருக்கத் தேவையில்லை.

மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. 2022-இல் இதே கேள்வியை ஆராய மத்திய அரசு இன்னோர் ஆணையம் அமைத்தது. மறு ஆண்டே தமிழகச் சட்டமன்றம் இதே கோரிக்கையோடு தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றாம் பத்தியை நீக்க அரசமைப்புத் திருத்தம்கூட வேண்டாம். 1956-இலும் 1990-இலும் சாதாரணச் சட்டத்தால்தான் நாடாளுமன்றம் இந்த ஆணையைத் திருத்தியது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதே வழியில் ஒரு மசோதாவை இந்தக் கூட்டத்தொடரிலேயே கேட்டுப் பெற வேண்டும்.