துடுப்பை மறந்துவிட்டுத் துடுப்பாட்டத்தை ஒப்பிடலாமா?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்போல் ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பருவகாலம் முடிந்த கையோடு தத்தம் பல்கலைக்கழக அணியின் அடிப்புச் சராசரியை எடுத்து, முந்திய ஆண்டின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கூடியிருந்தால் பயிற்றுநரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். குறைந்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்புமாறு கோருவார்கள். அங்கு வாழும் வாசகர்களுக்கு இது தெரிந்த கதை. கிரிக்கெட்டோடு வளர்ந்த ஏனையோருக்குச் சற்று விளக்கிவிட்டே மேலே செல்ல வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டில் சராசரி என்பது ஒருவர் ஆட்டமிழக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார் என்பதாகும். பேஸ்போலில் அது வேறு. கணக்கில் சேரும் வாய்ப்புகளில் எத்தனை தடவை பந்தை அடித்து, எதிரணியின் பிழையால் அன்றிச் சொந்த அடியால் தளத்தை எட்டினார் என்ற விகிதமே அங்கு சராசரி. பத்தில் மூன்று தடவை வென்றால் 0.300, அது நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். இந்தப் புள்ளிவிபர மரபுக்கு அடித்தளமிட்டவர் ஒரு பத்திரிகையாளர் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியாளராக இருந்த ஹென்றி சட்விக் என்பவரே, 19ஆம் நூற்றாண்டில் கிரிக்கெட்டின் ஓட்டப் பட்டியலைப் பேஸ்போலுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தவர்.

சட்விக்கின் காலத்தில் துடுப்பு மரத்தாலானது. கல்லூரி ஆட்டத்திலோ 1974ஆம் ஆண்டிலிருந்து அலுமினியத் துடுப்பு அனுமதிக்கப்பட்டது. மரத்துடுப்புகள் முறிந்துகொண்டேயிருப்பதால் ஏற்பட்ட செலவைக் குறைக்கவென வந்த இந்த உலோகம், காலப்போக்கில் ஆட்டத்தையே மாற்றிவிட்டது. 1998ஆம் ஆண்டு ஒமாஹாவில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21க்கு 14 என்று வென்றது. பேஸ்போலில் இது இறுதிப் போட்டிக்குரிய எண்ணிக்கையே அல்ல. பந்து பறக்கும் வேகத்தில் பந்து வீச்சாளரின் உயிருக்கே ஆபத்து என்ற அச்சமும் எழுந்தது. அதனால் கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றுள் கடுமையானது, துடுப்பில் பட்ட பந்து மீளும் வேகத்துக்கு 2011இல் விதிக்கப்பட்ட புதிய வரம்பாகும்.

விளைவை எண்களே சொல்லும். முதற்பிரிவுக் கல்லூரிகள் அனைத்தினதும் சராசரி 2010இல் 0.305 ஆக இருந்தது, 2011இல் 0.282. ஒரு போட்டியில் ஓர் அணி அடித்த ஹோம் ரன்கள் 0.94இலிருந்து 0.52 ஆக வீழ்ந்தன. 2014இல் அது 0.39 வரை இறங்கியது. ஒரே குளிர்காலத்தில் நாடு முழுவதிலுமுள்ள இளைஞர்கள் அனைவரும் அடிக்க மறந்துவிட்டார்கள் என்று எவரும் நம்பப்போவதில்லை.

இப்போது ஓர் உதாரணத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அணி 2010இல் 0.300 அடித்தது, 2011இல் 0.290 அடித்தது. பத்திரிகைத் தலைப்பு என்னவாக இருக்கும்? "அணியின் துடுப்பாட்டம் சரிவு." உண்மையில் அந்த அணி முதலாம் ஆண்டில் நாட்டின் சராசரிக்குக் கீழே நின்றது, இரண்டாம் ஆண்டில் மேலே ஏறிவிட்டது. முன்னேற்றத்தைச் சரிவு என்று எழுதுகிறோம். அந்தத் தலைப்பை நம்பிப் பயிற்றுநரின் ஒப்பந்தம் முடிவுக்கு வரலாம். இருபது வயது இளைஞர் ஒருவர் தன் திறமையையே சந்தேகிக்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் எண்ணைப் போடுபவர் இதைப் பாரதூரமாக எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2013இல் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அணி ஒமாஹாவில் ஐந்து போட்டிகளையும் வென்று சம்பியனானது. அந்த ஐந்திலும் சேர்த்து அது பெற்றவை 19 ஓட்டங்கள். 1998இன் வெற்றியாளர்கள் இறுதிப் போட்டி ஒன்றில் மட்டுமே 21 பெற்றிருந்தனர்! இவ்விரு அணிகளில் எது சிறந்த துடுப்பாட்ட அணி என்று வெறும் ஓட்டங்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது பேதைமை. துடுப்பு மட்டுமன்றி மைதானமும் மாறியிருந்தது. பழைய ரோசன்பிளாட் அரங்கு 2010உடன் விடைபெற்று, 2011இல் புதிய அரங்கு வந்திருந்தது.

பந்தும் மாறியது. 2015இல் தையல் விளிம்பு தாழ்ந்த பந்து புழக்கத்துக்கு வந்தது. காற்றின் தடை குறைந்ததால் ஒரே மாதிரி அடிக்கப்படும் பந்து சுமார் 20 அடி கூடுதலாகப் பறக்கும் என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியிருந்தன. அவ்வாண்டிலேயே ஹோம் ரன் விகிதம் 0.56க்கு ஏறியது. அதன்பின் மெல்ல மெல்ல உயர்ந்து, 2024இல் ரெனசிப் பல்கலைக்கழகம் 73 போட்டிகளில் 184 ஹோம் ரன்கள் அடித்துச் சம்பியனானது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1997இல் 70 போட்டிகளில் நிலைநாட்டிய 188 என்ற சாதனைக்கு நான்கே குறைவு. கட்டுப்படுத்தப்பட்ட துடுப்பைக் கொண்டு அதை நெருங்கிய ரெனசியையே நான் மேலாக மதிப்பேன். லூசியானா ரசிகர்கள் சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

கல்லூரி அணியில் இன்னொரு சிக்கல், ஆட்களே நிலையாக இருப்பதில்லை. நாலாண்டுக் கல்லூரியில் சேரும் வீரர் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிவில் தொழில்முறைத் தெரிவுக்குத் தகுதி பெறுகிறார், சிறந்தவர்கள் போய்விடுகிறார்கள். 2020இல் பெருந்தொற்றினால் பருவகாலம் இடையில் கைவிடப்பட்டது. வீரர்களுக்கு மேலதிகமாக ஓராண்டு வழங்கப்பட்டதால், 2021இல் வயதில் மூத்த ஆட்டக்காரர்கள் பலர் களத்தில் நின்றனர். அதே ஆண்டில் பல்கலைக்கழகம் மாறும் விதியும் தளர்த்தப்பட்டது. சீருடையும் பெயரும் மட்டுமே பழையவை; உள்ளே இருப்பவர்கள் புதியவர்கள்.

ஒப்பிடவே கூடாது என்பதல்ல என் வாதம். அந்தந்த ஆண்டின் பொதுச் சராசரியை அருகில் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள் என்பதே. 1985இல் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீற் இன்கவிலியா 48 ஹோம் ரன்கள் அடித்தார். 2013இல் சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பிரையன்ட் அடித்தவை 31. பட்டியலில் பிரையன்ட் வெகு கீழே. ஆனால் அந்த 2013இல் முதற்பிரிவு அணிகளில் ஏறத்தாழ முக்கால்வாசி, அணி முழுவதும் சேர்ந்து அடித்தும் 31ஐ எட்டவில்லை.