கோபாலின் கையில் பலகாரம் மட்டும்தானா?

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு கேள்வி. 'போபோய்பாய்' என்னும் கார்ட்டூன் தொடரை உங்கள் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் என்னோடு வாதிட வரலாம். பாராதவர்கள் ஒரு பகுதியையாவது பார்த்துவிட்டு வாருங்கள். நாம் பாராவிட்டாலும் நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2011 மார்ச்சு 13-ஆம் நாள் டிவி3 அலைவரிசையில் தொடங்கிய இத்தொடரை உருவாக்கியது நம் நாட்டு நிறுவனமான அனிமோன்ஸ்தா. ஜப்பானிய அனிமே பாணியின் சாயலும் நம் ஊர்ப் பேச்சும் கலந்த படைப்பு. 2016-இலும் 2019-இலும் திரைப்படமாகவும் வந்து வெற்றி கண்டது. அமெரிக்க நாயகர்களையே பார்த்துக்கொண்டிருந்த மலேசியப் பிள்ளைக்குத் தன் நாட்டு நாயகனைக் கொடுத்த பெருமை இதற்கு உண்டு. அதனை நான் மறுக்கவில்லை.

கதை எளியது. புலாவ் ரிந்திஸ் என்னும் ஊரில் தாத்தா ஒருவர் கொக்கோ பானக் கடை வைத்திருக்கிறார். அடு டு என்னும் வேற்றுக்கோள்வாசி அந்தக் கொக்கோவைத் தன் ஆற்றல் மூலமாகக் கருதி அபகரிக்க வருகிறான். ஓச்சோபோட் என்னும் உருண்டை இயந்திரம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைக்கடிகாரத்தின் வழியே ஆற்றல்களை வழங்குகிறது. தாத்தாவின் பேரனான போபோய்பாய் இடி, காற்று, மண் என மூவராகப் பிரிகிறான். முக்காடு அணிந்த யாயா புவியீர்ப்பை ஆள்கிறாள். கண்ணாடி அணிந்த சீனச் சிறுமி யிங் நேரத்தையும் வேகத்தையும் ஆள்கிறாள். பிறகு வந்து சேரும் ஃபாங் நிழல்களை ஏவுகிறான். ஒருவருக்கொருவர் சற்றும் பொருந்தாத கூட்டம்! சண்டையிட்டுக்கொள்கிறார்கள், பிறகு சேர்ந்து போராடுகிறார்கள். பல இனப் பிள்ளைகள் வாழும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறென்ன வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளையும் இருக்கிறான். அவன் பெயர் கோபால்.

கோபாலுக்கு வழங்கப்பட்ட ஆற்றல் என்ன தெரியுமா? பொருள்களின் மூலக்கூறுகளை மாற்றுதல். ஒன்றை இன்னொன்றாக ஆக்குதல். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இடியும் காற்றும் இயற்கையில் உள்ளவை. ஒரு பொருளின் இயல்பையே மாற்றும் வல்லமையோ படைப்பவனின் வல்லமை. அக்கூட்டத்திலேயே ஆழமான ஆற்றல் இதுதான் என்பேன். அதனைக் கொண்டு கோபால் செய்வது என்ன? "துக்காரான் மக்கானான்!" என்று கூவுவான், எதிரில் இருப்பது பலகாரமாகிவிடும். பின்னர் வேறு பொருள்களாகவும் மாற்றுகிறான் என்பது உண்மை. துணிந்து நின்று நண்பனைக் காக்கும் கணங்களும் அவனுக்கு உண்டு. ஆயினும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கோபால் யார் என்பதற்கு வரும் விடை ஒன்றுதான்: "குண்டாக இருப்பான், பயப்படுவான், சாப்பிடுவான்."

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் என்மேல் பாய்கிறார்கள்.

ஒரு தரப்பினர், "வெறும் கார்ட்டூன்தானே, இதிலுமா இனம் பார்ப்பது?" என்கிறார்கள். இவர்களுக்கு என் விடை இது. அதே தொடரில் பாப்பா ஸோலா என்றோர் ஆசிரியர் வருகிறார். தன்னையே பெரிய நாயகனாகப் பீற்றிக்கொள்ளும் கோமாளி. அவரைக் கண்டு ஆசிரியனாகிய நானும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். ஆசிரியர் குலமே இழிவுபட்டுவிட்டதாக நான் கருதவில்லை. ஏன்? மாணவன் நாள்தோறும் பத்து ஆசிரியர்களை நேரில் பார்க்கிறான். ஒரு பாப்பா ஸோலா அவனுக்கு ஆசிரியர் யார் என்று கற்பித்துவிட முடியாது. கோபாலின் நிலை அப்படியா? அக்கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளை அவன் ஒருவனே. அவனைவிட்டால் அவனைக் கண்டிக்கும் தந்தை வருகிறார், அவ்வளவுதான். பலர் இருக்கும் இடத்தில் ஒருவன் கோமாளியாக இருந்தால் அது நகைச்சுவை. ஒருவன் மட்டுமே இருக்கும் இடத்தில் அவனே கோமாளி என்றால் அது அடையாளமாகிவிடுகிறது. 2007-இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜு இருக்கிறான், தேவி இருக்கிறாள், உணவுக் கடை முத்து இருக்கிறார். சுமை பகிரப்படுகிறது. கோபாலோ முழுச் சுமையையும் தனியே தூக்குகிறான்.

அந்தச் சுமை திரையோடு நின்றுவிடுவதுமில்லை. எங்கள் பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன் என்னைக் காண வந்திருந்தான். சற்றுப் பருமனான பிள்ளை; கணக்கில் கெட்டிக்காரன். "ஐயா, அங்கே என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கோபால் என்று கேட்டால்தான் தெரியும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்துகிறது. மூவினத்தாரும் சேர்ந்து அமரும் வகுப்பில் முதல் நாளே அவனுக்கு ஒரு வேடம் தயாராக இருந்திருக்கிறது. அதனை அணிந்துகொண்டால் நண்பர்கள் கிடைப்பார்கள். மறுத்தால் 'விளையாட்டுத் தெரியாதவன்' என்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்?

மற்றொரு தரப்பினர், "தமிழ்ப் பிள்ளைகள் இதனைப் பார்க்கவே கூடாது; புறக்கணிக்க வேண்டும்" என முழங்குகிறார்கள். இவர்களையும் நான் ஏற்கவில்லை. கைப்பேசியில் விரல் நுனியில் கிடைப்பதை எப்படித் தடுப்பீர்கள்? தடுத்தாலும், பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? அவர்கள் நம் பிள்ளையைக் கோபால் என்று அழைக்கும்போது, கோபால் யார் என்றே அறியாமல் நிற்பவன் நம் பிள்ளையாகத்தான் இருப்பான்.

அதோடு, இத்தரப்பினரின் சினம் தவறான இடத்தில் பாய்கிறது. "நம் பிள்ளையைக் குண்டாகக் காட்டிவிட்டார்கள், பயந்தாங்கொள்ளியாகக் காட்டிவிட்டார்கள்" என்கிறார்கள். குண்டாக இருப்பது குற்றமா? அஞ்சுவது குற்றமா? பசிப்பது குற்றமா? இவற்றை இழிவென்று நாமே சொன்னால், வகுப்பில் அமர்ந்திருக்கும் பருமனான பிள்ளையை நாமும் சேர்ந்துதான் அடிக்கிறோம்.

அனிமே நாட்டிலேயே விடை இருக்கிறது. கோஹெய் ஹொரிகோஷி வரைந்து, 2016 முதல் அனிமேயாகவும் வந்த 'மை ஹீரோ அக்காடெமியா' தொடரில் தமாக்கி அமாஜிக்கி என்றொரு மாணவன் வருகிறான். கூச்சமும் அச்சமும் மிக்கவன். வகுப்பின் முன் பேசச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்பவன். அவனுடைய ஆற்றலோ உணவைச் சார்ந்தது. எதை உண்டானோ அதன் உறுப்புகள் அவன் உடலில் தோன்றும். அச்சமும் உணவும்! கோபாலுக்கு வழங்கப்பட்ட அதே இரண்டு சரக்குகள்தாம். ஆனால், தமாக்கி அப்பள்ளியின் தலைசிறந்த மூவருள் ஒருவன். தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு மூன்று கொடியவர்களைத் தனியே எதிர்த்து வெல்பவன். அவனுக்கு வழிகாட்டும் 'ஃபேட் கம்' என்னும் வீரரோ மலைபோன்ற உடம்புக்காரர். அவர் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பே எதிரியின் அடிகளை வாங்கிக்கொள்ளும் கவசம். அங்கும் சிரிப்பு உண்டு. சிரித்து முடித்தபின் மதிப்பும் உண்டு.

ஜப்பான் வரை போவானேன்? நம் பாரதக் கதையின் விராட நகரத்திற்கு வாருங்கள். அங்கே மடைப்பள்ளியில் கரண்டி பிடித்து நிற்பவன் யார்? பெருந்தீனிக்காரனான வீமன். அவனைச் சாப்பாட்டு ராமன் என்று எவரும் தள்ளிவிடவில்லை. கீசகனை வதைத்தவன் அவன். அதே நகரத்தில், பகைவர் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடியவன் உத்தரன். கதை அவனை ஓடவிட்டுச் சிரித்துவிட்டுப் போயிற்றா? இல்லை. ஆடலாசிரியை வேடத்தில் இருந்த அருச்சுனன் துரத்திப் பிடித்து, தேற்றி, தேரோட்டச் செய்கிறான். காலையில் ஓடியவன் மாலையில் போர்க்களத்திலிருந்து திரும்புகிறான். அஞ்சியவனுக்கு ஓர் ஆசிரியன் கிடைத்தான் என்பதே அக்கதையின் உயிர். நம் முன்னோர் உணவையும் அச்சத்தையும் இப்படித்தான் கையாண்டிருக்கிறார்கள்.

ஆகவே, படைப்பாளிகளிடம் நான் கேட்பது சிறியது. கோபாலை ஒல்லியாக்க வேண்டாம். அச்சத்தை அகற்றவும் வேண்டாம். அவனுடைய ஆற்றலுக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். அவன் துணிந்த கணத்தை அடுத்த நொடியே ஒரு பலகாரத்தால் கலைத்துவிடாதீர்கள். இதனைத் தேசிய மொழியில், பண்போடு, கையொப்பமிட்ட கடிதமாக எழுதலாம். முகநூலில் வசைபாடுவதைவிட ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கடிதம் கனமானது.

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'கோபாலின் ஆற்றல் எனக்குக் கிடைத்தால்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். ஒருவன் பள்ளித் திடல் முழுவதையும் நாசி லெமாக் ஆக்குவேன் என்று எழுதினான், எழுதட்டும், பிள்ளைதானே! ஒருத்தி, தன் பாட்டி நாள்தோறும் போட்டுக்கொள்ளும் ஊசியை வலிக்காத பூவாக மாற்றுவேன் என்று எழுதினாள். இன்னொருவன் எழுதியது எங்கள் ஊர் அறிந்த துயரம். 2023 மார்ச்சு மாத வெள்ளத்தில் பத்து பாகாட் வட்டாரம் மூழ்கி, பல இடங்களில் வாரக்கணக்கில் நீர் வடியாமல் நின்றதே, அந்த நீரை மணல் மூட்டைகளாக மாற்றி ஆற்றங்கரையில் அடுக்குவேன் என்று எழுதினான். வெள்ளத்தையே அணையாக்கும் சிந்தனை! கோபாலின் ஆற்றலுக்கு இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்பதைப் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒரே பாட வேளையில் காட்டிவிட்டார்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் உங்கள் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கும்போது "வந்துவிட்டான் கோபால்" என்று கேலி செய்யாதீர்கள். பள்ளியில் வேறொருவன் அப்படி அழைக்கும்போது எதிர்த்து நிற்கும் துணிவு, வீட்டில் அவனை அவன் பெயராலேயே அழைப்பதிலிருந்துதான் வரும். ஆசிரியர்களே, அப்பட்டப்பெயர் உங்கள் வகுப்பில் எழுந்தால் அன்றே நிறுத்துங்கள்.

பத்து பாகாட் என்ற பெயருக்கு உளியால் செதுக்கிய கல் என்று பொருள். பிள்ளைகளும் செதுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உளி தொலைக்காட்சியின் கையில் மட்டும் இருக்க வேண்டுமா? இன்று மாலை தொடர் ஓடும்போது பக்கத்தில் சென்று அமருங்கள். "கோபாலாக நீ இருந்தால் இப்போது எதை எதுவாக மாற்றுவாய்?" என்று கேளுங்கள். கிடைக்கும் விடையை எனக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் பேசுவோம்.