கண்ணுக்கு எத்தனை அங்குலம்?

"டாக்டர், பையனுக்கு ஒரே கண் எரிச்சல். சாயந்திரமானா தலைவலி. எல்லாம் உடம்புச் சூடுதான். குளிர்ச்சியா ஒரு தைலம் எழுதிக் கொடுங்களேன்!"

மயிலாப்பூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வரும் தாய்மார்கள் பலர், வியாதியையும் மருந்தையும் அவர்களே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். மந்தைவெளியிலிருந்து வந்த இந்த அம்மாவும் அப்படித்தான். பையன் என்ஜினீயரிங் முதலாம் ஆண்டு. நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பித்தம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல், பொன்னாங்கண்ணிக் கீரை, நெல்லிக்காய், ராத்திரி கண் விழிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். தலைவலி அப்படியே இருந்தது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தம்பி, நாளைக்கு வரும்போது உன் லேப்டாப்பைக் கொண்டு வா" என்றேன். கொண்டு வந்தான். வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னேன். முகத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இடைவெளி! திரை 13.3 அங்குலம், 2560க்கு 1600 புள்ளிகள். "இதுதான் சார் இருக்கிறதிலேயே ஷார்ப்பு" என்று கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள். ஸ்கேலை வைத்து அளந்தேன். எழுத்தின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் எழுத்தில் பாதிதான் இருக்கும்.

தப்பு என் மேல்தான். சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில் இதைத் தலைகீழாக ஒப்பிப்போம். பையனின் விழியைப் பார்த்த நான், அந்த விழி தினமும் எட்டு மணி நேரம் எதைப் பார்க்கிறது என்று கேட்கவே இல்லை.

முதலில் கண் டாக்டரிடம் அனுப்பினேன். பவர் எதுவும் இல்லை என்றார்கள். பிறகு எழுத்தைப் பெரிசாக்கி, திரையைத் தள்ளி வைக்கச் சொன்னேன். இரண்டே வாரத்தில் தலைவலி குறைந்துவிட்டது. தைலம் அதேதான், கீரையும் அதேதான்!

'சித்த வைத்தியருக்கு லேப்டாப்பைப் பற்றி என்ன தெரியும்?' என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு மெஷினைப் பற்றி அதிகம் தெரியாதுதான். ஆனால் அதன் முன்னால் உட்காரும் உடம்பைப் பற்றித் தெரியும். அதனால் சொல்கிறேன்... கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்குகிற வீட்டில், விலைக்கு அடுத்தபடியாகப் பேச வேண்டியது திரையைப் பற்றித்தான்.

கோலமும் புள்ளியும்

15.6 அங்குலம், 14 அங்குலம் என்கிறார்களே, அது திரையின் அகலம் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்த குறுக்களவு. வழக்கமான வடிவத்தில் 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 31 செ.மீ. 15.6 அங்குலம் என்றால் 34.5 செ.மீ. கேட்பதற்கு ஒன்றரை அங்குல வித்தியாசம்தான். பரப்பளவில் பார்த்தால் ஏறக்குறைய கால் பங்கு அதிகம்.

அடுத்தது 'ரெசல்யூஷன்'. இதைப் புரிந்துகொள்ள வாசல் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாசலில் 8 புள்ளிக் கோலமும் போடலாம், 21 புள்ளிக் கோலமும் போடலாம். புள்ளி கூடினால் வளைவுகள் நுணுக்கமாக வரும். அதற்காக வாசல் பெரிதாகிவிடாது! திரையும் அப்படித்தான். 1366க்கு 768 என்றால் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் 20.7 லட்சம். 'ஃபோர் கே' என்கிறார்களே, அதில் 83 லட்சம்.

புள்ளி குறைந்தால் என்ன கெடுதல்? ஆங்கில எழுத்து எப்படியோ தப்பித்துவிடும். நம் தமிழ் எழுத்தில் 'னி'க்கும் 'னீ'க்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் தலையில் ஒரு பொட்டுதான். புள்ளி போதாத திரையில் பொடி எழுத்தில் அதெல்லாம் மங்கிப் போகும். பிள்ளை தன்னையறியாமல் கண்ணை இடுக்கும்.

சரி, புள்ளி கூடினால் நல்லதுதானே? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல பார்வையுள்ள கண், 60 செ.மீ. தூரத்திலிருந்து ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 145 புள்ளிகள் வரைதான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 50 செ.மீ. என்றால் 175. 1920க்கு 1080 உள்ள 15.6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 141 புள்ளிகள் இருக்கின்றன. 14 அங்குலத் திரையில் 157. படிக்கிற பிள்ளைக்கு இதுவே தாராளம். அதற்கு மேல் கொடுக்கிற காசைக் கண் பெரிதாக உணரப் போவதில்லை. பாட்டரிதான் சீக்கிரம் தீரும்.

அதுமட்டுமில்லை. புள்ளிகள் நெருக்கமாக உள்ள திரையில் எழுத்தின் அளவை மாற்றாமல் விட்டால், எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிவிடும். அந்த மந்தைவெளிப் பையனுக்கு நடந்தது அதுதான். 'நிறைய விஷயம் ஒரே பக்கத்தில் தெரியுதே' என்று அவனே சுருக்கி வைத்திருந்தான். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறது. அதை 125, 150 என்று ஏற்றினால் எழுத்து பெரிசாகும். இதற்குப் பைசா செலவில்லை.

அரசாங்கம் அளந்து வாங்குகிறது!

2011 செப்டம்பர் 15-ம் தேதி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவற்றை வாங்கிக் கொடுத்தது அண்ணா சாலை நந்தனத்தில் இருக்கும் எல்காட் நிறுவனம். அப்போது மாணவர்கள் கைக்கு வந்தவை 14 அங்குலத் திரை, 1366க்கு 768 புள்ளிகள் கொண்டவை. பிறகு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. அதற்காக எல்காட் விட்ட டெண்டரில் திரை 14 அங்குலம் அல்லது 15.6 அங்குலம் என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சும்மா கொடுக்கிற பொருளுக்கே திரை அளவை எழுத்தில் போட்டுத்தான் வாங்குகிறார்கள். கைக்காசு போட்டு வாங்கும் நாம் என்ன செய்கிறோம்? "கேஷ்பேக் எவ்வளவு? பேக் இலவசமா?" என்று கேட்டுவிட்டு பில் போடச் சொல்கிறோம்!

தி.நகரில் புடவை எடுக்கப் போனால் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, விரித்து, முந்தானையைத் திருப்பி, தோளில் போட்டுப் பார்க்கிறோம். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பைப் பெட்டியைப் பார்த்து வாங்கலாமா?

கடையில் என்ன செய்ய வேண்டும்?

ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெரிய ஷோரூமோ, எங்கே போனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை, முடிந்தால் தமிழ்ப் பக்கத்தை, பென் டிரைவில் எடுத்துப் போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். நின்றபடி பார்க்காமல் நாற்காலி கேட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட வேண்டும். அந்தத் தூரத்தில் கழுத்தை முன்னால் நீட்டாமல், கண்ணை இடுக்காமல் ஒரு பக்கம் படிக்க முடிகிறதா? முடிந்தால் அந்தத் திரை அவனுக்குச் சரி. கடையின் டியூப்லைட் திரையில் கண்ணாடி மாதிரி பளபளத்தால் வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். தினமும் 29சி பஸ்ஸிலோ பறக்கும் ரயிலிலோ தொங்கிக்கொண்டு போகும் பிள்ளைக்கு 14 அங்குலம். எடை ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கும், தோள்பட்டை பிழைக்கும். வீட்டு மேஜையிலோ ஹாஸ்டலிலோ வைத்தே படிக்கிற பிள்ளைக்கும், கட்டம் கட்டமாகக் கணக்குப் பார்க்கும் காமர்ஸ் பிள்ளைக்கும் 15.6 அங்குலம். இரண்டிலும் 1920க்கு 1080 போதும். 1920க்கு 1200 கிடைத்தால் உயரம் கூடுதல், பாடம் படிக்க இன்னும் வசதி. பழைய 1366க்கு 768 மலிவாகக் கிடைத்தாலும், முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

'ஃபோர் கே'க்குக் கொடுக்க நினைத்த பணத்தில் தனிக் கீபோர்டு ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கழுத்து குனிந்தே கிடக்கிறது. வீட்டில் இருக்கிற தடிமனான புத்தகங்கள் நாலைந்தை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி வைத்தால் கழுத்து நிமிரும்.

கீரை போதுமா?

சித்த நூல்கள் கண்ணுக்கு வரும் நோய்களை 96 என்று எண்ணிவைத்திருக்கின்றன. நம் முன்னோர் கண்ணை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள். பொன்னாங்கண்ணி சாப்பிடுங்கள், நெல்லிக்காய் சாப்பிடுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். உடம்புக்கு நல்லது. ஆனால் கீரை சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொன்னாலும் நம்பாதீர்கள்! தேன், தாய்ப்பால், இலைச்சாறு என்று எதையும் கண்ணில் பிழிந்து விடாதீர்கள்.

திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது பாதியாகவும் குறைந்துவிடும். எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், 'உடம்புச் சூடு' இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருதரம், 20 அடி தள்ளி இருக்கும் தென்னை மரத்தையோ எதிர்வீட்டு மாடியையோ 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை செய்யுங்கள். 1819-லிருந்து இருக்கிறது எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி. செலவைக் காரணம் காட்ட வேண்டியதே இல்லை.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். முகத்துக்கும் திரைக்கும் எத்தனை ஜாண்? ஒன்று என்றால், தைலம் கேட்டு என்னிடம் வருவதற்கு முன்னால் அந்த எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுங்கள்.