குட்டிக் குளியலறையில் குளியல் தொட்டியா?

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் பக்கெட்டும் மக்குமாகக் குளித்த நண்பர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். துவாரகாவில் மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். "இனியாவது ஒரு பாத்டப் போட்டுக்கொள்ளலாமா? தில்லிக் குளிரில் அம்மாவின் மூட்டுவலிக்கும் இதமாயிருக்குமே!" என்று கேட்டார். ஆசையில் குற்றமில்லை. ஆனால் போடப்போவது பிராவிடண்ட் பண்ட் பணம். ஆகவே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

குவார்ட்டர்ஸில் இருப்போருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். கிழக்கு கிட்வாய் நகரில் பழைய வீடுகளை இடித்து, 86 ஏக்கரில் புதிய அடுக்கு மாடிகள் எழுப்பினார்கள். பழையதோ புதியதோ, அது சர்க்கார் வீடு. அனுமதியின்றித் தரையை உடைக்க முடியாது. ஓய்வு பெற்றால் தொட்டியையும் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

சொந்த வீட்டுக்காரர் முதலில் இடத்தை அளக்கட்டும். சாதாரணத் தொட்டி 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம். கழிப்பிடமும் சேர்ந்த குளியலறைக்குத் தேசியக் கட்டட விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு 2.8 சதுர மீட்டர், அதாவது 30 சதுர அடி. அதில் பன்னிரண்டரை சதுர அடியைத் தொட்டி விழுங்கினால், கமோடும் வாஷ்பேசினும் திறக்கும் கதவும் எங்கே போகும்? நேற்றைய பத்திரிகையைத் தொட்டியின் அளவுக்குத் தரையில் விரித்து, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கமோடில் உட்கார்ந்து எழுந்தும் பாருங்கள். பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். தொட்டி அந்த வழியாகத்தான் ஏறி வரவேண்டும்.

அடுத்தது பாரம். 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. தொட்டியையும் ஆளையும் சேர்த்தால் 250 கிலோ. வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு இந்தியத் தர விதியில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அக்ரிலிக் தொட்டியே அந்த எல்லையைத் தொடுகிறது. வார்ப்பிரும்புத் தொட்டி தாண்டிவிடும். இஞ்சினியரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

வெந்நீர்க் கணக்கு இன்னும் வேடிக்கை. 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குக் காய்ந்த நீரை ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீரோடு கலந்தால், இதமான வெந்நீர் 45 லிட்டர்தான் தேறும். தொட்டி நிறைய மூன்று கீசருக்கு மேல் வேண்டும். மூன்றாவது காய்வதற்குள் முதலாவது ஆறிப்போகும். ஒரு குளியலுக்கு நாலு யூனிட்டுக்கு மேல் மின்சாரம். தினமும் குளித்தால் மாதம் 4,500 லிட்டர் தண்ணீர். 2024 ஜூனில் தில்லியின் பல பேட்டைகளில் டாங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்களை நாம் மறந்துவிடலாகாது.

இத்தனைக்கும் பிறகு போடுவதென்றால், நீண்ட சுவரை ஒட்டி, இப்போதுள்ள கழிவுநீர்த் துவாரத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். டைல்ஸ் ஒட்டுமுன் வாட்டர்புரூஃபிங் செய்து, தரையில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கசிவு பாருங்கள். அடைப்பு எடுக்கச் சிறு கதவு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இல்லையேல் கீழ்வீட்டுக்காரரின் கூரை நனையும், உறவும் கெடும். கீசர் சுவிட்சு குளியலறைக்கு வெளியேதான் இருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி அம்மாவைப் பற்றியது. ஒன்றரை அடி விளிம்பை ஈரக்காலோடு தாண்டி இறங்கவேண்டும். இறங்கியவர் எழுந்திருக்க வேண்டுமே! மூட்டு வலிக்காக வாங்கிய தொட்டி இடுப்பெலும்பை முறித்தால் யார் பொறுப்பு?

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: வழுக்காத டைல்ஸ், சுவரில் உறுதியாகப் பதித்த இரண்டு கைப்பிடிக் கம்பிகள், உயரமான ஒரு ஸ்டூல், கையில் பிடிக்கும் ஷவர். தொட்டியின் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். அம்மா யார் துணையுமின்றி உட்கார்ந்து குளிப்பார். முப்பது வருஷம் நம்மைக் குளிப்பாட்டிய பக்கெட்டுக்கும் ஓர் இடம் மிஞ்சும்.