சுழலியின்றி மின்சாரம்: ஆசையும் கணக்கும்

நீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியாற் சுழலியைச் சுழற்றி மின்சாரம் பெறுவது பழைய முறை. வெப்பத்தை நேரடியாகவே மின்சாரமாக மாற்றும் கருவிகள் இருக்கையில் இத்துணைப் பாரிய இயந்திரம் எதற்கு என்று நம்மிற் கற்றோர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. ஆனால் விடையை ஆசையிடம் கேட்டலாகாது. கணக்கிடமே கேட்டல் வேண்டும்.

வேறுபட்ட இரு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும். 1821ஆம் ஆண்டில் ஸீபெக் என்னும் அறிஞர் கண்டறிந்த விளைவு இது. இக்கருவியிற் சுழலும் உறுப்பு இல்லை, ஓசையும் இல்லை. 1950களிற் சோவியத் நாட்டுக் கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டினாலே வானொலிப் பெட்டிகள் பேசின. 1977ஆம் ஆண்டில் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களும் இம்முறையாலேயே மின்சாரம் பெற்றுப் பல்லாண்டு பயணஞ் செய்துள்ளன.

அற்புதந்தான்! ஆயினும், ஏவப்பட்ட நாளில் ஒவ்வொரு கலமும் பெற்ற மின்சாரம் ஏறத்தாழ 470 வாற்று மட்டுமே. நமது நுரைச்சோலை நிலையத்தின் ஆற்றலோ 900 மெகாவாற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுவன்றோ?

நூறு பங்கு வெப்பத்தைக் கொடுத்தால், நல்ல நிலக்கரி நிலையத்தின் சுழலி முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து பங்கு வரை மின்சாரமாகத் தரும். வெப்பமின் கருவி தருவதோ பெரும்பாலும் ஐந்து முதல் எட்டுப் பங்கே. காரணம் யாதெனில், அதற்குரிய பொருள் மின்சாரத்தை நன்கு கடத்தவும் வேண்டும். வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கவும் வேண்டும். இயற்கையில் இவ்விரு குணங்களும் பெரும்பாலும் ஒட்டிப்பிறந்தவை.

ஆகவே சுழலியை அகற்றிவிட்டு இக்கருவியை வைத்தால், அதே அளவு மின்சாரத்திற்குப் பன்மடங்கு நிலக்கரியை எரிக்க நேரும். அந்நிலக்கரியோ கடல்கடந்து வருவது. அதன் விலையை இறுதியிற் செலுத்துவோர் யார்? நீரிறைக்கும் இயந்திரத்தை நம்பித் தோட்டஞ் செய்யும் கமக்காரரும், மாதந்தோறும் மின்கட்டணங் கட்டும் குடும்பத்தாருமே.

அதற்காக இக்கருவியை எள்ளி ஒதுக்குவதும் அறிவுடைமையாகாது. சூளைகளிலும் ஆலைகளிலும் புகைபோக்கி வழியே வீணாகும் கடும் வெப்பத்திற்கு நாம் விலை கொடுப்பதில்லை. அங்கே ஐந்து பங்கு கிடைப்பினும் அது இலாபமே, கருவியின் விலை அந்த இலாபத்தை விழுங்காதிருப்பின். நம் பொறியியலாளர் முயலவேண்டிய களம் அதுவே.

புதிய திட்டத்தோடு எவர் வரினும் பொதுமக்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நூற்றுக்கு எத்தனை? அதற்கு விடை கூறாத திட்டத்திற்கு நம் வரிப்பணத்தில் ஒரு சதமும் கொடுத்தலாகாது.