சுவரிலே ஒரு சினிமா

“கொட்டகையையே வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டீர்களாமே!” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள் எதிர் வீட்டு மாமி. நான் என்ன பதில் சொல்வது? கொட்டகை வந்தது வாஸ்தவம். படம்தான் வரவில்லை.

சென்ற மாதம் எங்கள் பாட்டிக்கு எண்பது வயது பூர்த்தியாயிற்று. பழைய ஆல்பங்களில் இருந்த புகைப்படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, உறவினர் கூடியிருக்கும்போது சுவரில் பெரிதாகக் காட்டுவது என்று என் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தான். பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது. கைபேசியில் எதையாவது காட்டினால், “ஏதோ தெரிகிறதடி” என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்காகவே அண்ணன் இண்டர்நெட்டில் தேடி ஒரு புரொஜெக்டர் வாங்கினான். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில், ‘9,000 லூமென்ஸ்’!

பகல் இரண்டு மணி. விருந்து முடிந்து, வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு முப்பது பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஹாலுக்கு மூன்று ஜன்னல்கள். அண்ணன் பொத்தானை அமுக்கினான். சாயம் போன புடவையை உலர்த்தியது போல் சுவரில் என்னவோ ஒன்று தெரிந்தது.

“அது யார், மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது?” என்றார் சித்தப்பா.

அது அவருடைய கல்யாணப் படம்!

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. “என் கண்தான் அடியோடு போய்விட்டது போலிருக்கிறது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. கோளாறு அவள் கண்ணில் இல்லையே!

பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ‘200 ஆன்ஸி லூமென்ஸ்’ என்று போட்டிருந்தது. 9,000 எங்கே, 200 எங்கே?

லூமென் என்பது வெளிச்சத்துக்கு ஒரு படி, ஆழாக்கு மாதிரி. ஆனால் எந்த வெளிச்சத்தை அளந்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். சிலர் இயந்திரத்துக்குள்ளே எரியும் விளக்கின் வெளிச்சத்தைச் சொல்லுகிறார்கள். சிலர் மனத்தில் தோன்றிய எண்ணையே அச்சடித்துவிடுகிறார்கள். கண்ணாடி, வில்லை எல்லாவற்றையும் கடந்து திரையில் வந்து விழுவதல்லவா நமக்கு வேண்டும்? அதை அளக்க அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 1992-இல் ஒரு முறை வகுத்தது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி கண்டு, பரப்பளவால் பெருக்குவது. அதுதான் ஆன்ஸி கணக்கு. பிற்பாடு வந்த ஐ.எஸ்.ஓ. 21118 கணக்கும் நம்பத் தகுந்ததே. ஆகையால் கடைக்காரர் ‘லூமென்’ என்று ஆரம்பித்தால், “எந்த லூமென்?” என்று கேளுங்கள். அவர் விழித்தால் நீங்கள் வீட்டுக்கு நடையைக் கட்டலாம்.

200 ஆன்ஸி லூமென் மோசமா என்றால், அதுவும் இல்லை. எத்தனை பேருக்குப் பரிமாறுகிறோம் என்பதைப் பொறுத்தது. 100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் ஏழே கால் அடி, உயரம் நாலடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய முப்பது சதுர அடி. இருநூறைப் பங்கு போட்டால் சதுர அடிக்கு ஏழு லூமென்கூடத் தேறாது. அதே படத்தை 60 அங்குலமாகச் சுருக்கினால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு போல் ஆகிவிடும். வெளிச்சம் மூன்று மடங்கை நெருங்கும். ஒரு கரண்டி நெய்யை முப்பது இலைக்கும் விடலாம், பத்து இலைக்கும் விடலாம் அல்லவா?

இன்னொரு விஷயம் எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாது! வெளிச்சம் விழாத இடத்தைத்தான் கறுப்பு என்று நம் கண் எடுத்துக்கொள்கிறது. ஜன்னல் வழியே வெயில் அடிக்கும் சுவரில் கறுப்பு எங்கிருந்து வரும்? சித்தப்பாவின் தலைமயிர் முழுவதும் மறைந்ததற்குக் காரணம் அதுதான். (இப்போது நிஜமாகவே மறைந்துவிட்டது, அது வேறு.)

1905-ஆம் வருஷம் திருச்சி ரயில்வேயில் வரைபடம் போடும் உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். அவர் கூடவே கூடாரத்தையும் தூக்கிக்கொண்டு போனவர். எங்கள் அண்ணன் ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலைகூட வாங்கவில்லை.

இரவில், விளக்கை அணைத்த அறையில் பார்ப்பதானால் 500 ஆன்ஸி லூமென் 80 அங்குலப் படத்துக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். திரைச்சீலை போட்ட ஹாலில் பகலில் பார்க்க 2,000-க்குக் குறையக்கூடாது. ஆபீஸில் விளக்கு எரியும்போதே கணக்கு வழக்கைக் காட்டவேண்டுமென்றால் 3,000-க்கு மேல் போகத்தான் வேண்டும்.

பெட்டியில் இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. ‘1080 ஏற்கும்’ என்று எழுதியிருக்கும். 1080 வரி உள்ள படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம். திரையில் விடுவது 480 வரியாக இருக்கலாம். அதன் சொந்த அளவு என்ன என்று கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ‘த்ரோ’ விகிதம் என்று ஒன்று உண்டு. 1.2 என்றால், ஏழே கால் அடி அகலப் படத்துக்கு அது கிட்டத்தட்ட எட்டே முக்கால் அடி தள்ளி இருக்கவேண்டும். பத்தடி அறையில் கட்டிலையும் பீரோவையும் வைத்துக்கொண்டு அதை எங்கே நிறுத்துவது? சுவரை ஒட்டி வைக்கும் தினுசும் இருக்கிறது. விலைதான் சுவரை விட்டு வெகு தூரம் போய்விடும்.

திரைக்கு அவசரப்பட வேண்டாம். வழவழப்பாகப் பூசி, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சுவர் ஆரம்பத்துக்குப் போதும். எனாமல் அடித்த சுவரில் நடுவிலே நிலா உதித்தாற்போல் ஒரு பளிச்சிடல் தெரியும். படுக்கை விரிப்பில் பாதி வெளிச்சம் பின்பக்கமாக ஓடிவிடும்; பின்னால் கெட்டித் துணி வைத்துத் தைத்தால் தேவலை. பகல் வெளிச்சத்தைத் தள்ளும் விசேஷத் திரைகள் உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றைத் தரும் கடைக்காரர் இயந்திரத்தின் விலையையே மறுபடியும் கேட்பார்.

விளக்கு எது என்பதையும் விசாரியுங்கள். பாதரச விளக்கானால் சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அணைத்த பிறகு விசிறி நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. எல்.இ.டி., லேசர் வகைகள் 20,000 மணி என்கிறார்கள். தினம் மூன்று மணி என்றாலும் பதினெட்டு வருஷம்! தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைத்தால் அதில் பாதியாவது மெய்யாகும். குழந்தைகளை வில்லைக்குள் எட்டிப் பார்க்க விடாதீர்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு, வந்தவர்களில் பாதிப் பேர் போன பிறகு, பாட்டியின் அறையில் ஜன்னலுக்குக் கம்பளியை மாட்டினோம். இயந்திரத்தைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளிப் படத்தை 60 அங்குலமாக்கினோம். 1964-இல் எடுத்த பாட்டியின் கல்யாணப் படம் வந்தது. அறுபது வருஷமாகக் கூடத்தில் தொங்குகிற அதே படம். பின் வரிசையில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு முகம். அண்ணன் மகள் அதை மட்டும் பெரிதாக்கினாள்.

பாட்டி எழுந்து சுவரருகே போனாள்.

“அம்மா” என்றாள். பிறகு, “மூக்குத்தி இல்லை, பார்த்தாயா? மூக்குத்தியை விற்றுத்தான் எனக்கு முகூர்த்தப் புடவை எடுத்தாள். ஒருவரிடமும் சொல்லாதே என்றாள். நானும் சொல்லவில்லை.”

அத்தனை வருஷம் அந்தப் படத்தைத் துடைத்து மாட்டிய எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை.

“அடுத்த படம் போடட்டுமா, பாட்டி?” என்று கேட்டாள் பெண்.

“இருக்கட்டும்” என்றாள் பாட்டி.