கவனயீனம் யாருடையது?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் குப்பி விளக்கு கவிழ்ந்து யாரேனும் எரிந்தால், "கவனயீனம்" என்று எழுதி முடிப்பது பத்திரிகை வழக்கம். நானும் அப்படி எழுதியவன்தான், வெட்கப்படுகிறேன்.

பெற்றோல் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகை வேண்டும். ஆகவே ஐ.நா. வகைப்பாட்டில் முன்னதற்கு 'அபாயம்', பின்னதற்கு வெறும் 'எச்சரிக்கை'. ஆய்வுகூடக் கிண்ணத்தில் இது சரி. மின்சாரமற்ற லயன் அறையில் அதே எண்ணெய் சேலையில் சிந்தினால், சேலையே திரியாகிவிடும்; 38 பாகைக்குக் காத்திராது.

எளிதில் கவிழாத, உருளாத, திருகுமூடியுள்ள விளக்கை அமைத்து 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றவர் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. தீர்வு கைக்கெட்டிய விலையில் இருந்தது.

எண்ணெயைத் தரம் பிரிப்போரே, அதை ஊற்றும் போத்தலையும் சோதியுங்கள். எரிந்தவர்மீது பழி போடாதீர்கள்.